கைவிட்ட ரயில் தடம் யாருக்குச் சொந்தம்?

ரயில் ஓடாத தடங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்தக் கரையை ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் ஏற்ற பாதையாக்குவது பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. பேச்சு நல்ல பேச்சுதான். ஆனால் பேசுகிறவர்கள் மூன்று கேள்விகளைத் தொடாமல் நழுவிவிடுகிறார்கள். ரயில் ஏன் நின்றது? நிலம் யார் கைக்குப் போகும்? பணம் யார் மடியிலிருந்து வரும்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல், "பூங்கா வருகிறது, பாதை வருகிறது" என்று கைதட்ட ராஜபாளையத்து மில் தொழிலாளி தயாராக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விவசாயக் கூலியும் தயாராக இல்லை. இருக்கவும் கூடாது. பொதுச் சொத்து என்று பெயர் சொல்லித் திறந்த எத்தனையோ கதவுகள், நாம் உள்ளே நுழையும் நேரத்தில் சாத்தப்பட்டதை நாம் பார்த்தவர்கள். ஆகவே இந்த விஷயத்தை அடியிலிருந்து நுனிவரை விசாரித்துப் பார்ப்போம்.

"நமக்கெதற்கு இந்த உல்லாசம்?"

தோழர்களில் சிலர் எடுத்த எடுப்பிலேயே கேட்பார்கள்: "எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஓடிக் கால் கடுக்கிறது. நாற்று நட்டு இடுப்பு ஒடிகிறது. நமக்கு வேறு நடைபாதை ஒன்று வேண்டுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மூணாவது ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிற தொழிலாளி எந்த வழியே வருகிறார்? மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். விடியுமுன் தூக்குச்சட்டியோடு களையெடுக்கப் போகிற பெண்கள் எதன் ஓரமாக நடக்கிறார்கள்? அதே ரஸ்தாவின் ஓரமாகத்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லாச் சைக்கிளை மிதித்துப் போகிற பெண்பிள்ளைக்கும் அதே ரஸ்தாதான். திருச்செந்தூருக்கும் இருக்கன்குடிக்கும் பாதயாத்திரை போகிற ஜனங்கள் இரவெல்லாம் நடப்பதும் இப்படிப்பட்ட ரஸ்தாக்களில்தான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரஸ்தா விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. சைக்கிளில் போய் மாண்டவர்கள் இதில் சேரவில்லை. காரில் போகிறவன் நடைபாதையைப் பொழுதுபோக்கு என்று நினைக்கலாம். காலால் போகிறவனுக்கு அது உயிர் காக்கும் விஷயம்.

உல்லாசம் என்ற சொல்லுக்கும் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் இஷ்டம் என்று கேட்டுத்தான் 1886-இல் சிகாகோ தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை நம்மிடமிருந்து பறிக்க இன்னும் ஆள் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. ஓய்வு நேரத்தைப் போராடிக் காப்பாற்றுகிறோம். அந்த நேரத்தில் பெஞ்சாதி பிள்ளைகளோடு காற்றாட நடக்க ஓர் இடம் கேட்பது எப்படி ஆடம்பரமாகும்? மலையைப் பார்க்கவும் மர நிழலில் உட்காரவும் எஸ்டேட் பங்களாக்காரனுக்கு மட்டும்தான் பாத்தியதையா?

நம் தடம் பிழைத்த கதை

நம் ஊர்களுக்கு ரயில் வந்தது 1927-இல். விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகும் தடம் அப்போது திறக்கப்பட்டது. ராஜபாளையத்தில் முதல் பெரிய நூற்பு மில் எழுந்தது அதற்குப் பிறகு, 1936-இல். மில் வருவதற்கு முன்னே ரயில் வந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். நீண்ட காலம் மீட்டர் கேஜாக இருந்த அந்தத் தடம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாயிற்று. இன்றும் பொதிகை எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷன்களில் நின்று சென்னைக்குப் போகிறது.

ஆகவே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ரயில் தடத்தைப் பூங்காவாக்கு என்று நாம் கேட்கவில்லை. இங்கே நாம் கேட்பது கூடுதல் ரயில், கூடுதல் பெட்டி, ஏழை ஏறக்கூடிய கட்டணம். ஆனால் எல்லா ஊருக்கும் நம் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிழைக்காத தடங்களின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் பிழைத்ததன் அருமை விளங்கும்.

தடங்கள் செத்த விதம்

தமிழ்நாட்டில் தடங்கள் மூன்று விதமாகச் செத்தன.

முதலாவது, யுத்தம். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்குப் போன சின்ன ரயிலும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போன சின்ன ரயிலும் 1941-இல் நிறுத்தப்பட்டன. வெள்ளைக்காரனுக்கு யுத்தத்துக்கு இரும்பு வேண்டியிருந்தது. வறண்ட ஜில்லாவின் கேழ்வரகு விவசாயியைக் கேட்டா தண்டவாளத்தைப் பெயர்த்தான்? மதுரை–போடிநாயக்கனூர் தடத்துக்கும் அதே கதிதான். 1928-இல் திறந்த அந்தத் தடமும் யுத்த காலத்தில் பெயர்க்கப்பட்டது. ஆனால் அது 1950-களில் திரும்பி வந்தது. தர்மபுரிக்காரர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். மொரப்பூர்–தர்மபுரி பாதைக்கு அடிக்கல் விழுந்தது 2019-இல். இடையில் ஓடிய ஆண்டுகள் 78.

இரண்டாவது, புயல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பனிலிருந்து போன பாஸஞ்சர் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களும் போயின. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடியும் 17 கிலோமீட்டர் பாதை போடுவதாக 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்குப் பின் ஆண்டுகள் ஓடின, ரயில் ஓடவில்லை.

மூன்றாவது, "நஷ்டம்" என்ற சொல். மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்குப் போன 30 கிலோமீட்டர் தடம் 1926-இல் திறந்தது. 1980-களில் அதை நிறுத்தினார்கள். அறுபது ஆண்டு அந்த வட்டாரத்து விவசாயத் தொழிலாளியையும் மீனவரையும் மாணவரையும் சுமந்த ரயில், ஒரு நாள் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாகிவிட்டது. தண்டவாளம் போனது. கரை கிடக்கிறது. மறுபடியும் ரயில் விடு என்ற கோரிக்கையும் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது.

நஷ்டம் என்றால் யாருக்கு நஷ்டம்? ரஸ்தாவுக்கு லாப நஷ்டக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. ரயிலுக்கு மட்டும் ஏன்? பஸ் கட்டணமாக ஏழை கூடுதலாகக் கொடுத்த காசு எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது?

1992-இல் எல்லாப் பாதைகளையும் அகலப் பாதையாக்கும் திட்டம் வந்தது. திட்டத்தில் குற்றமில்லை. வேலை நடந்த வேகத்தில்தான் குற்றம். செங்கோட்டை–புனலூர் 49 கிலோமீட்டரில் 2010 செப்டம்பரில் நின்ற ரயில் 2018-இல்தான் மறுபடியும் ஓடிற்று. போடி தடத்தில் 2010 டிசம்பர் கடைசியில் ரயில் நின்றது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூனிலும் திரும்பி வந்தது. 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்! வேதாரண்யம் பக்கத்தில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் தடம் 2023 ஏப்ரலில் மறுபடியும் ரயிலைக் கண்டது.

இந்தக் கதைகளில் ஒரு பாடம் இருக்கிறது. எங்கே நிலம் துண்டுபடாமல் ரயில்வே கையில் இருந்ததோ, எங்கே ஜனங்கள் விடாமல் கேட்டார்களோ, அங்கே ரயில் திரும்பி வந்தது. பழைய தடத்தின் மேல் வீடும் ரஸ்தாவும் வந்துவிட்ட இடங்களில், புதுப் பாதைக்கு மறுபடியும் விவசாயியின் நிலத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கால்வாயும் தடமும் ஒன்று

ரயில் நிலம் மற்ற நிலம் போன்றதல்ல. அது நீளமான நிலம். அதன் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. இதை நம் விவசாயத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கண்மாயிலிருந்து வரும் கால்வாயை நடுவில் ஒரு முழம் அடைத்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ரயில் தடமும் அப்படித்தான். முப்பது கிலோமீட்டரில் நடுவே ஒரு பர்லாங்கை ஒருவன் வளைத்துப் போட்டால் மிச்சமெல்லாம் வெறும் துண்டு நிலம். ரயிலும் விட முடியாது. பாதையும் போட முடியாது.

வளைப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் தண்டவாளம் பழைய இரும்பாகப் போகும். பிறகு ஜல்லி போகும். பிறகு இரவோடு இரவாகக் கரை மண் போகும். இரண்டு மழைக்குள் சீமைக் கருவேலம் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது யார் கண்ணுக்கும் தடமாகத் தெரியாது. அப்போது ஒரு கனவான் வேலிக்கல் ஊன்றுவார். கேட்டால் "பக்கத்துப் பட்டாவில் சேர்ந்தது" என்பார். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, ரயில் வரும்வரை தடத்தைப் பாதுகாக்க ஒரே வழி, ஜனங்கள் அதில் தினமும் நடமாடுவதுதான். நூறு பேர் நடக்கிற பாதையில் வேலி போட எவனுக்கும் தைரியம் வராது. நடைபாதை யோசனையில் உள்ள உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

மற்ற நாடுகள் செய்தது

அமெரிக்காவில் 1916-இல் ஏறத்தாழ 4 லட்சம் கிலோமீட்டர் ரயில் பாதை இருந்தது. பிறகு மோட்டார் கம்பெனிகளின் காலம் வந்தது. ரயில் முதலாளிகள் லாபமில்லாத தடங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். 1965-இல் விஸ்கான்ஸின் ராஜ்யம் அப்படிக் கைவிட்ட 51 கிலோமீட்டர் தடத்தை விலைக்கு வாங்கிப் பாதையாக்கிற்று. 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அதன் சாரம் இதுதான்: கைவிடும் தடத்தைத் துண்டு போட்டு விற்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம்; பின்னால் ரயில் தேவைப்பட்டால் திரும்பவும் தண்டவாளம் போடும் உரிமை அழியாது. விதைநெல்லைக் குதிரில் போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. 1991-இல் இன்னொரு சட்டம், நெடுஞ்சாலைக்கு ஒதுக்கும் நிதியின் ஒரு பிரிவில் நூற்றுக்குப் பத்தை இப்படிப்பட்ட வேலைகளுக்கென்று ஒதுக்கிற்று. பணத்தின் பெரும்பகுதி பெட்ரோல் வரியிலிருந்து வந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் இப்படிப் பாதையாகியிருக்கிறது. முதலாளிகளின் கோட்டையிலேயே சட்டமும் நிதியும் இல்லாமல் இந்தக் காரியம் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டன் நமக்கு எச்சரிக்கை. 1963-இல் பீச்சிங் என்ற கனவான் கொடுத்த அறிக்கை 5,000 மைல் பாதையையும் 2,363 ஸ்டேஷன்களையும் மூடச் சொல்லிற்று. மூடினார்கள். நிலத்தைப் பல இடங்களில் துண்டு துண்டாக விற்றார்கள். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவே ஊர்க்காரர்கள் 1979 முதல் கூடி உழைத்து, கைவிட்ட 13 மைல் தடத்தைப் பாதையாக்கினார்கள். அங்கே தடம் பிழைத்தது. ஸ்காட்லாந்தில் 1969-இல் மூடிய தடத்தில் ஒரு பகுதியை 2015-இல் கோடிக்கணக்கான பவுன் கொட்டித் திரும்பவும் போட்டார்கள். மூடும்போது மிச்சப்பட்டதாகச் சொன்ன பணம் எங்கே? யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்பெயின் 1993 முதல் "பசுமை வழிகள்" என்ற பெயரில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பாதையாக்கியிருக்கிறது. பழைய ஸ்டேஷன்களில் பல உணவுக் கடைகளாகவும் சைக்கிள் வாடகைக் கடைகளாகவும் மாறின.

நியூயார்க்கில் வேறு கதை. கைவிட்ட சரக்கு ரயில் மேம்பாலத்தில் 2009 முதல் அழகான பூங்கா திறந்தார்கள். பூங்கா பிரபலமாயிற்று. சுற்றிலும் நில விலை ஏறிற்று. பணக்கார மாடி வீடுகள் முளைத்தன. பக்கத்திலேயே ஏழைகள் குடியிருப்பு இருந்தது. அவர்களுக்கு அந்தப் பூங்காவால் வந்த நன்மை சொற்பம் என்று அதை நிறுவியவர்களில் ஒருவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பூ நம் வீட்டு வாசலில் பூக்கும், மணம் மாடி வீட்டுக்குப் போகும் என்றால் அந்தத் தோட்டத்துக்கு நாம் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நம் நாட்டில் நடப்பது

நம் சர்க்கார் ரயில் நிலத்தை என்ன செய்கிறது? 2005-இல் ரயில்வே சட்டத்தைத் திருத்தி, நிலத்திலிருந்து வருமானம் தேடுவதற்கென்றே ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். 2021-இல் பொதுச் சொத்துக்களைக் காசாக்கும் பெரிய திட்டத்தை அறிவித்தார்கள். அதில் ரயில்வேயின் பங்கு ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். 2022 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை இன்னொரு தீர்மானம் செய்தது. சரக்கு முனையம் அமைப்பவர்களுக்கு ரயில் நிலம் 35 வருஷக் குத்தகை. வருஷக் குத்தகைத் தொகை நில மதிப்பில் நூற்றுக்கு ஒன்றரை. அதற்கு முன் அது நூற்றுக்கு ஆறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது கிலோமீட்டர் நீளம், பேச்சுக்குப் பதினைந்து மீட்டர் அகலம் என்றால் நாலரை லட்சம் சதுர மீட்டர். ஏக்கர் கணக்கில் 111 ஏக்கர். ஏக்கர் 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 22 கோடிக்கு மேல். நூற்றுக்கு ஆறு என்றால் வருஷக் குத்தகை 1 கோடியே 33 லட்சம். ஒன்றரை என்றால் 33 லட்சம். 111 ஏக்கருக்கு வருஷம் ஒரு கோடி தள்ளுபடி! விவசாயி வாங்கிய கடனில் ஆயிரம் ரூபாய் நின்றால் ஜப்தி நோட்டீஸ் வருகிறதே, அவருக்கு இந்தத் தாராளம் என்றைக்காவது கிடைத்ததுண்டா?

ஆனால் அதே தீர்மானத்தில் நமக்குப் பயன்படும் ஒரு வரி இருக்கிறது. ஆஸ்பத்திரி, கேந்திரிய வித்யாலயாப் பள்ளி போன்ற சமூகத் தேவைகளுக்குச் சதுர மீட்டருக்கு வருஷம் ஒரு ரூபாய்க்கு நிலம் தரலாம் என்கிறது அது. நல்லது. ஜனங்கள் உயிர் பயமில்லாமல் நடக்கிற பாதையும் சமூகத் தேவைதான். அதே ஒரு ரூபாய்க்கு அந்த 111 ஏக்கரையும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தால் வருஷத்துக்கு நாலரை லட்சம்தான் ஆகும். சர்க்கார் தன் சொந்தச் சொல்லையே நடைமுறைக்குக் கொண்டுவரட்டும்.

இன்னொரு நியாயமும் உண்டு. தரங்கம்பாடித் தடம் போன்றவை போடப்பட்ட காலத்தில் 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் அமலில் இருந்தது. "பொது நன்மைக்கு" என்று சொல்லித்தான் அந்தச் சட்டம் விவசாயியிடமிருந்து நிலத்தை வாங்கிற்று. பொது நன்மைக்கென்று வாங்கிய நிலம் பொது நன்மையிலேயே இருக்க வேண்டும். கம்பெனி நன்மைக்கு அதை மாற்றுவது பாட்டன் காலத்து விவசாயிக்குச் செய்கிற துரோகம்.

பணம் எங்கிருந்து வரவேண்டும்?

ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்கிறது. வடம் பிடிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வெயிலில் வடம் பிடிக்க நாம், தேர்மேல் குடைபிடித்து நிற்க வேறொருவர் என்ற கணக்கு, பொதுப் பணத்தில் செல்லாது.

நடைபாதைக்குப் பணம் கேட்டால் முதலில் நகரசபையையும் பஞ்சாயத்தையும் கைகாட்டுவார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் இருக்கிற பணமே போதவில்லை. அதில் கை வைக்கக் கூடாது. கிராமப்புற வேலைக்கென்று ஒதுக்கும் பணத்தை மடைமாற்றி, "உங்களுக்குத்தானே பாதை" என்று சொல்வதும் கூடாது. கூலிக்காரனின் சோற்றுப் பானையிலிருந்து எடுத்து அவனுக்கே விருந்து வைக்க வேண்டாம்.

பணம் வேறு இடங்களில் இருக்கிறது. ரயில்வே 2020-21-ஆம் ஆண்டில் பழைய இரும்பும் கழிவுச் சாமானும் விற்றதில் மட்டும் 4,573 கோடி ரூபாய் கிடைத்ததாகப் பெருமையோடு அறிவித்தது. பெயர்த்தெடுத்த தண்டவாளமும் அந்தச் சாமானில் சேர்ந்ததுதான். ஒரு தடத்தின் தண்டவாளத்தை விற்ற காசு முதலில் அந்தத் தடத்துக்கே சேர வேண்டும் என்று கேட்பது நியாயம்.

பெட்ரோலுக்கும் டீஸலுக்கும் நாம் கொடுக்கும் விலையில் ரஸ்தாவுக்கென்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மத்திய நிதியாகச் சேர்கிறது. மொபெட்டில் போகிற நெசவாளியும் அதைக் கொடுக்கிறார். மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி மீதும் அது ஏறுகிறது. அந்த நிதியில் ஆறுவழிச் சாலைக்கு இடம் உண்டு. ரயில்வே வேலைக்கும் இடம் உண்டு. நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் ஒரு பங்கு கண்டிப்பாக ஒதுக்கு என்கிறோம்.

கம்பெனிகள் தருமம் செய்ய முன்வரும். பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கட்டும். ஆனால் பாதை வாசலில் கம்பெனிப் பெயர்ப் பலகை, கேட்டில் வாட்ச்மேன், உள்ளே போக டிக்கெட், "வேஷ்டியை மடித்துக் கட்டியவர்கள் வரக்கூடாது" என்ற சட்டதிட்டம், இவற்றுக்கு நாம் சம்மதிக்க முடியாது.

இதைவிட முக்கியம் பராமரிப்பு. திறப்பு விழாவுக்குப் பணம் எப்போதும் கிடைக்கும். மூன்றாம் வருஷம் கருவேலம் வெட்டத்தான் கிடைக்காது. வருஷாவருஷம் வரும்படி நிச்சயமில்லாத பாதை, போட்டோ எடுக்கப் போட்ட பாதையாகத்தான் முடியும்.

மறக்கக் கூடாத ஒன்று

கைவிட்ட தடங்களின் ஓரத்தில் குடிசை போட்டுப் பிழைக்கிற ஜனங்கள் உண்டு. கையகல நிலமில்லாத விவசாயக் கூலிகள் அவர்கள். பாதை, பூங்கா என்ற பெயரில் முதல் புல்டோஸர் அவர்கள் குடிசைமேல்தான் ஏறும். 111 ஏக்கரை ஒன்றரை சதவீதத்துக்குக் கேட்பவன் ஆக்கிரமிப்பாளனாகத் தெரியமாட்டான். மூன்று சென்டில் அடுப்பு மூட்டியவள் மட்டும் ஆக்கிரமிப்பாளியாகத் தெரிவாள். பட்டாவும் வீடும் கையில் கொடுக்காமல் ஒரு குடிசையைக்கூட அகற்றக் கூடாது. அதற்கு இணங்காத எந்தப் பாதையையும் நாம் ஆதரிக்கமாட்டோம்.

விவசாய வேலைக்கும் தடங்கல் வரக்கூடாது. மாடும் வண்டியும் டிராக்டரும் குறுக்கே கடந்து போக வழி வேண்டும். கரைக்கு அடியில் தண்ணீர் போகும் பாலங்களை ஒன்றுகூட அடைக்கக் கூடாது. பழைய இன்ஜினீயர் விட்ட நீர்வழியைப் புதிய கண்டிராக்டர் மூடினால், ஒரு பக்கம் பயிர் மூழ்கும், மறுபக்கம் காயும்.

நம் கோரிக்கைகள்

1. ஜனங்கள் ரயில் கேட்கும் தடங்களில் ரயில்தான் முதலில். நடைபாதையைக் காட்டி ரயில் கோரிக்கையை அமுக்கக் கூடாது. தரங்கம்பாடித் தடத்தைப் பற்றிய முடிவை அந்தத் தடத்து ஊர்களின் கிராம சபைகளைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

2. ரயில் உடனே வராத இடங்களில் தடத்தை ஒரு பர்லாங்கும் துண்டுபடாமல் அளந்து, கல் நட்டு, பொதுச் சொத்தாகப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும். பின்னாளில் தண்டவாளம் போடும் உரிமை அதில் எழுதப்பட வேண்டும்.

3. பாதைக்கான நிலம் சதுர மீட்டருக்கு ஒரு ரூபாய்க்குப் பஞ்சாயத்துகளுக்குக் கிடைக்க வேண்டும். தனியாருக்குக் குத்தகை கூடாது.

4. செலவை ரயில்வேயும் மத்திய ரஸ்தா நிதியும் ஏற்க வேண்டும். பராமரிப்புக்கு வருஷாந்தர மானியம் வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு காசும் கூடாது.

5. வேலை அந்தந்த ஊர் விவசாயத் தொழிலாளிகளுக்குச் சட்டப்படியான கூலியில் கிடைக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி.

6. குடியிருப்பவர்களுக்கு மாற்று இடமும் பட்டாவும் தராமல் யாரையும் அகற்றக் கூடாது.

7. ஓடுகிற தடங்களை நஷ்டக் கணக்குச் சொல்லி மூடும் பேச்சே கூடாது.

ராஜபாளையத்துக்கும் தரங்கம்பாடிக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் அங்கே எந்த விதி எழுதப்படுகிறதோ அதுதான் நாளை நம் ஸ்டேஷன் நிலத்துக்கும் விதி. அங்கே 111 ஏக்கர் சத்தமில்லாமல் போனால், இங்கே கூட்ஸ் ஷெட்டைச் சுற்றியுள்ள நிலம் போக எத்தனை நாள் ஆகும்? பொதிகை நிற்கிற பிளாட்பாரமே ஒரு நாள் யாருடைய குத்தகையில் இருக்கும்?

மில் கேட்டுகளில் இதைப் பேசுங்கள். சாலியர் தெருவிலும் சத்திரப்பட்டித் தறிக்கூடங்களிலும் களத்துமேட்டிலும் பேசுங்கள். கிராம சபை கூடும்போது தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ரயில்வே தொழிலாளித் தோழர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை ரயில் நிலம் என்பது கேங்மேனுக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. மாயவரம், பொறையாறு ஜனங்கள் ரயிலுக்காகக் குரல் கொடுக்கும்போது, விருதுநகர் ஜில்லாவின் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அந்தக் குரலோடு தங்கள் குரலைச் சேர்க்க வேண்டும்.

அந்தக் கரையில் மண் சுமந்தவர்கள் கூலிக்காரர்கள். அந்தத் தண்டவாளத்தைத் தாங்கியவர்கள் தொழிலாளிகள். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் விவசாயிகள். ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தடம் ஜனங்களுக்குச் சொந்தம். அதைக் கையில் வைத்துக்கொள்ள ஜனங்கள்தான் முன்வர வேண்டும்!